ஒரு வார மாத்திரை

தங்கமாரிக்கு வாய் கொஞ்சம் நீளம். பிளஸ் டூ முடித்த கையோடு தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போனவள். அங்கே வாய் இல்லாதவள் பிழைக்க முடியுமா? அந்த வாய்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. சுகாதாரத் துறையில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். இடைசெவல் பக்கத்துக் கிராமங்களில் பிரஷர், சர்க்கரை உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை.

"ஏண்ணாச்சி, மாத்திரையை நீங்க முழுங்குதீங்களா, ஆட்டுக்குப் போடுதீங்களா?" என்று வாசலில் நின்றே கேட்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்த வருசம் புதுச் சங்கதி ஒன்று வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றும் கூட்டுச் சேர்ந்து, இவளைப் போன்றவர்களுக்குக் கோவில்பட்டியில் பயிற்சி வகுப்பு நடத்தின. ஹெலன் என்ற பேராசிரியை இங்கிலீஷில் சொல்ல, சென்னை டாக்டரம்மா தமிழில் சொல்வார். முடிவில் ஒருத்தியைப் பயிற்சி கொடுக்கிறவளாக எடுப்பார்கள். நிரந்தர வேலை. தங்கமாரி அதற்கு ஆசைப்பட்டாள். சும்மா ஆசையா? கழுகுமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்ட ஆசை!

கடைசித் தேர்வுக்கு அவரவர் நோயாளி ஒருவரைக் கூட்டிவர வேண்டும். பேராசிரியை முன்னால் பிரஷர் பார்த்துப் பேசிக் காட்ட வேண்டும். தங்கமாரி கீதாரி மாயகிருஷ்ணனிடம் போனாள். ஆடு மேய்க்கிற மனுசன், சொன்ன சொல் தவறாதவர்.

"அண்ணாச்சி, என் மானம் உங்க கையிலதான் இருக்கு. அந்தம்மா பாக்கும்போது பிரஷர் சரியா இருக்கணும்."

"வெள்ளைக்காரி முன்னால உன்னைத் தலைகுனிய விட்டுருவமா? போ தாயி, நான் வாரேன்."

இப்படியா கேட்பது? புத்திகெட்டவள், கேட்டுவிட்டாள்.

மாயகிருஷ்ணன் ஒரு வாரமாக அடுத்த ஊர்ப் புஞ்சையில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார். மாத்திரை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. தேர்வன்று விடியுமுன்னே வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்த்தார். தண்ணீர் காட்ட விட்டுப்போன ஆட்டுக்கு மறுநாள் வயிறு முட்டக் காட்டுகிற கை அது. மாத்திரைக்கும் அதே கணக்கைப் போட்டார். ஏழு நாள் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மத்தியானம் தங்கமாரி அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றும்போதே ஆள் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

"வெயில்ல வந்த மயக்கம்" என்றார்கள் எல்லாரும். அக்கினி நட்சத்திரம், யார்தான் சந்தேகப்படுவார்கள்? சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன தங்கமாரியின் கையில் காலி அட்டை தட்டுப்பட்டது. "ஏழையும் காலையிலேயே போட்டுட்டேன் தாயி" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் முனகினார். அட்டையை அப்படியே மடியில் செருகிக்கொண்டால் முடிந்தது கதை; வெயில் மேல் பழி போய்விடும், வேலையும் கைக்கு வந்துவிடும். ஆனால் வெயில் மயக்கம் என்று தண்ணீர் தெளித்து உட்கார வைத்தால் மனுசன் என்னாவது?

"வெயில் இல்ல மேடம்!" என்று அலறினாள். "ஒரு வார மாத்திரையைச் சேத்து முழுங்கியிருக்காவ. பிரஷர் சரியா இருக்கணும்னு நாந்தான் சொல்லித் தொலைச்சேன்!"

டாக்டரம்மா ஓடி வந்து காலை உயர்த்தி வைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியாஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, மறுநாள் வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். மாயகிருஷ்ணன் பிழைத்துக்கொண்டார்.

வேலை, வகுப்பில் கூட இருந்த எட்டயபுரத்துச் செல்வமாரிக்குப் போயிற்று. ஹெலன் தங்கமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நல்லபடியாகத்தான் சொன்னார். இவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் அழுதாள்.

மறுவாரம் மாத்திரைப் பையோடு போனபோது மாயகிருஷ்ணன் வாசலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன தாயி, பாஸா?"

"இல்ல அண்ணாச்சி. பெயில்."

மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அப்பவே நினைச்சேன், ஏழு பத்தாதுன்னு. உள்ள இன்னொரு அட்டை இருந்துச்சு தாயி. அதையும் போட்டிருக்கணும்."

தங்கமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"குழையைக் கீழ போடுங்க அண்ணாச்சி. மொதல்ல இருந்து சொல்லுதேன்."