லைட்டுக்கு நின்றவள்

அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய படம். கதையைக்கூட யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. எங்கே பார்த்தாலும் ஒளிப்பதிவு, ஒளிப்பதிவு என்று ஒரே பேச்சு. அதிலும் அந்த ஜன்னல் காட்சி. ஒருத்தி ஜன்னலோரம் நிற்கிறாள். பாதி முகம் இருட்டில், கை காதோரம் கூந்தலுக்குள், கன்னத்தில் சாய்ந்த வெயில். உதடு லேசாக அசைகிறது, கண் மெல்ல நிறைகிறது. அவ்வளவுதான். அதற்குத்தான் விருது கொடுத்தார்கள். அங்கே நிற்பது கதாநாயகி இல்லை, என் அக்கா.

அக்காவின் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். கதாநாயகியின் உயரம், ஏறக்குறைய அதே நிறம், உடுத்துவதும் அதே நிறத் துணி. கதாநாயகி உள்ளே ஒப்பனை செய்துகொண்டிருக்கும்போது, அவர் நிற்க வேண்டிய இடத்தில் அக்கா போய் நிற்பாள். லைட்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து விளக்கை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், துணி கட்டி மறைப்பார்கள். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. எல்லாம் சரியானதும் கதாநாயகி வருவார், அக்கா ஒதுங்கிக்கொள்வாள். கேமரா ஓடுவது அதற்குப் பிறகுதான். "நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு எம் பொண்ணுதான்" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா செய்கிற முதல் வேலை, தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்வது. சாப்பாடுகூட அதற்குப் பிறகுதான். தான் வேலை செய்த படம் எதையும் அவள் பார்த்ததில்லை. தான் நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்பாள்.

அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் செய்தவள் நான்தான். ஊரை விட்டுத் தள்ளி, மலைமேல் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள் போலிருக்கிறது, சுற்றிலும் சுத்தியல் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். "இதோ வரேன்" என்றாள்.

வரவில்லை. பொழுது சாய்ந்தது. அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். நேரம் தவறினால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதோ வரேன் என்று சொல்லியிருக்கிறாள், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நான் கெஞ்சினேன். "அவ நிக்கட்டும், நாம எடுக்கலாம்" என்றான். உறவுக்காரர்களும் அவன் பக்கமே சாய்ந்தார்கள். அக்கா இரைக்க இரைக்க ஓடி வந்தபோது வீட்டில் வாடகை நாற்காலிகள்தான் கிடந்தன. அப்பாவின் முகத்தை அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

போனைக் காதிலிருந்து எடுக்குமுன்பே, கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னபோது, "அப்படியே இருங்க, லைட் போயிடும்" என்றாராம் ஒளிப்பதிவாளர். வெயில் போனால் மொத்த ஆட்களின் ஒருநாள் வேலையும் போச்சே என்று இவளும் நின்றிருக்கிறாள். அதற்குள் மலையிறங்கும் வண்டி போய்விட்டது. இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள், தன் தப்புதான் என்றும் சொன்னாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் உள்ளே வந்தால் இவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவான். தனக்கு இது வேண்டியதுதான் என்பது மாதிரி அவளும் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படம் வந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள் என்று போனேன். ஜன்னல் காட்சியில் காதோரமிருந்த கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் அண்ணன் ஓடி வந்து கதவை அறைந்து சாத்தியபோது இடுக்கில் மாட்டி உடைந்த அக்காவின் விரல் அது. அப்புறம்தான் உறைத்தது. கூந்தலுக்குள் இருப்பது வெறும் கை இல்லை, போன். அந்தப் பக்கம் பேசுகிறவள் நான். அந்த உதட்டசைவை மௌனப் பிரார்த்தனை என்று ஒரு பத்திரிகையில் உருகி உருகி எழுதியிருந்தார்கள். பிரார்த்தனையாம். அது "இதோ வரேன்."

அக்காவிடம் சொன்னேன். கேமரா ஓடியதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் இரண்டு பேரும் ஒளிப்பதிவாளரின் அலுவலகத்துக்குப் போனோம். மனிதர் எழுந்து நின்று வரவேற்றார், டீ வரவழைத்தார். கெட்டவராக இருந்திருந்தால்கூடத் திட்டிவிட்டு வந்திருக்கலாம். மறைக்கவும் இல்லை.

"அந்த வெயிலும் அந்த முகமும் ஒண்ணா சேர்ந்து வாழ்க்கையில ஒரு தடவைதாம்மா கெடைக்கும். சொல்லியிருந்தா நீங்க முகத்தைத் திருப்பியிருப்பீங்க."

"அப்ப, அப்படியே இருங்கன்னு சொன்னது லைட்டுக்கு இல்ல" என்றாள் அக்கா.

இனி வரும் பிரதிகளில் அவள் பெயரைப் போடச் சொல்கிறேன் என்றார்.

"பேரு வேணாம் சார். அழுதேன்ல, எதுக்கு அழறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொன்னேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் படத்திலிருந்து அந்த இடத்தை எப்படி வெட்டுவது என்றார். அவர் மேஜைமேல் விருது இருந்தது. டீயைத் தொடாமல் வந்தோம்.

அக்கா வேலையை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கேமராவுக்கு மூடி போட்டால்தான் நிற்கிறாள். மூடியை எடுத்தால் அடுத்த நொடி நகர்ந்துவிடுவாள், யார் கத்தினாலும் சரி. லைட்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூடி அக்கா. வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணனிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. அவன் விடுமுறை நாளில், மதியக் காட்சிக்கு, ஒன்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போனேன். படம் ஆமை மாதிரி நகர்கிறது என்று கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்தான். ஜன்னல் வந்தது. பின்வரிசையில் ஒருவன், "என்ன நடிப்புடா" என்றான்.

அண்ணனின் முணுமுணுப்பு நின்றது. விரலைப் பார்த்துவிட்டான். உதடு அசைந்தபோது அவன் உதடும் கூடவே அசைந்தது.

"இது... அன்னிக்கா?" என்றான்.

"அன்னிக்குதான். போன்ல நான்தான். இப்படித்தான் புடிச்சு வச்சிருந்தாங்க அவளை."

எழுந்து நின்றுவிட்டான். திரையில் அவள் கண் நிறைந்துகொண்டிருந்தது. "ஏன்டி எங்கிட்ட சொல்லல அவ?"

"நீ கேட்டியா?"

அவன் தலை திரையை மறைத்தது. உட்காருய்யா, படம் தெரியல என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், அப்புறம் நாலைந்து பேர் கத்தினார்கள். சட்டையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்திருப்பான். நான் இழுக்கவில்லை. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.