தாம்பூலப் பையில் இரண்டு பாட்டில்

சனிக்கிழமை காலை 11 மணிக்குத் திருவான்மியூரில் ஆட்டோ ஏறினேன். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு, திரும்பவும் வீடு. எல்லாம் சேர்த்து இருபது கிலோமீட்டர் சொச்சம். இதைப் பயணம் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு மாதக் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் தனியாக வாசலைத் தாண்டியது அதுவே முதல் முறை.

மாலை 4 மணிக்குக் கல்லூரித் தோழிகள் நால்வர் வருகிறார்கள். தேநீர், சாண்ட்விச், கேக், கூடவே குமிழி பொங்கும் ஸ்பார்க்ளிங் ஒயினில் கலந்த காக்டெயில். இதற்கு முன் மூன்று முறை அழைத்து, மூன்று முறையும் அன்று காலையே ரத்து செய்திருக்கிறேன். முதலில் காய்ச்சல், அடுத்து தடுப்பூசி. மூன்றாவது முறை காரணமே கிடையாது, பயம்தான். கே.கே. நகர் மாலினி குரூப்பில் எழுதிவிட்டாள்: "இந்தத் தடவையும் கேன்சல்னா, இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டோம்டி." கீழே மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

11.45. பாண்டி பஜார். மெல்லிய, உயரமான கண்ணாடிக் கோப்பைகள் ஆறு, 720 ரூபாய். ஐந்து பேருக்கு ஆறு எதற்கு? ஒன்று நிச்சயம் உடையும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போன் செய்தேன். "தூங்கறா. நீ போன் பண்ணாம இருந்தா தூங்கிட்டே இருப்பா" என்றார் கணவர்.

12.10. ஒரு மாலின் அடித்தளத்தில் இருக்கும் எலைட் மதுக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. இரண்டு பாட்டில், ஒன்று 1,150 ரூபாய். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வீட்டிலிருந்தே மஞ்சள் தாம்பூலப் பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன், கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுத் தருவார்களே, அந்தப் பை. பாட்டில்களை அதற்குள் படுக்க வைத்து மேலே கைக்குட்டையைப் போட்டேன். காலையிலிருந்து கூடவே வரும் சேகர் அண்ணனின் ஆட்டோ, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலைகளில் குதித்துக் குதித்துப் போனது.

"மடியில வச்சுக்கோமா. சோடா பாட்டிலு மாரி குலுங்கினு வருது. வூட்டுக்குப் போய்த் தொறந்தா மோட்டுவளைக்கு அடிக்கும்" என்றார். பைக்குள் என்ன என்று நான் சொல்லவே இல்லை.

12.50. மயிலாப்பூர், வடக்கு மாட வீதி. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி சர்பத், பெட்டிக்கடையில் பன்னீர் சோடா நான்கு. பிறகு பூக்காரம்மா கன்னியம்மாவிடம் மல்லிகை நான்கு முழம். பக்கத்தில் ஒரு மாமி முழம் போடச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பர்ஸை எடுக்கப் பையைக் கீழே வைத்தேன். பூவை வாங்கிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

1.30. அடையாறில் ஒரு பேக்கரி. கேக்கைப் பைக்குள் வைக்கலாம் என்று திறந்தால் இரண்டு தேங்காய், ஒரு கவுளி வெற்றிலை, மஞ்சள். பூக்கடையில் அந்த மாமியின் பையை எடுத்து வந்திருக்கிறேன். போனை எடுத்து குரூப்பில் "சாரிடி" என்று அடித்தேன். அனுப்பவில்லை.

"இன்னாமா, பாட்டிலு தேங்காயா மாறிக்கீதா?" என்று எட்டிப் பார்த்த சேகர் அண்ணன், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஏறு. அவங்களும் தேடிக்கினு இருப்பாங்க."

2.05. கன்னியம்மா தூரத்திலிருந்தே கை ஆட்டினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதே மாமி.

"வந்துட்டியா! ஆத்துக்குப் போய்ப் பையைப் பிரிச்சா தேங்காய்க்குப் பதிலா இது. குடுகுடுன்னு ஓடி வந்துட்டேன்" என்றார் மாமி.

"மன்னிச்சுக்கோங்க மாமி. உங்க வீட்டுல யாராவது பாத்து..."

"எங்காத்து மாமா பாத்திருந்தா உனக்குத் திருப்பியே கிடைச்சிருக்காது."

கன்னியம்மா சிரித்தபடி, மொட்டு வாடாமல் இருக்க ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். ஈரத்துணிக்கு அடியில், மல்லிகை மொட்டுகளுக்கு நடுவில், என் இரண்டு பாட்டில்களும் படுத்திருந்தன. "வெயில்ல சூடாயிடும்னு நாந்தான் வச்சேன். இன்னா மேட்டரு இதுல?"

"சாயந்திரம் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வராங்க. நன்னாரி சர்பத்துல கலக்கப் போறேன்."

"நன்னாரியா? தித்திப்பு தூக்கிடும். கொஞ்சமா விடு" என்றார் மாமி. தேங்காய்களை எடுத்துக்கொண்டு, வெற்றிலையில் பாதியை என் பையிலேயே போட்டார். "நாலு பேர் வரான்னா வெறும் கையோட அனுப்பாதே."

2.50. வீடு. 3.55 வரை என்னென்னமோ சந்தேகம். சாண்ட்விச்சில் வெள்ளரி நீர் விடுகிறதா, ஒயின் ஊற்றும்போது குழந்தை அழுதால் என்ன செய்வது. மணி அடித்தது. நால்வரும் மொத்தமாக வாசலில்.

முதல் பாட்டிலின் தக்கையை வழியெல்லாம் நினைத்துப் பயந்துகொண்டே வந்திருந்தேன். கன்னியம்மாவின் ஐஸிலும் பிறகு எங்கள் ஃப்ரிட்ஜிலும் ஓய்ந்திருந்த ஒயின் ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பாட்டில் கழுத்தில் ஒட்டியிருந்த மல்லிகை மொட்டு ஒன்று கோப்பையில் விழ, மாலினி கை தட்டினாள். நன்னாரி இரண்டு ஸ்பூன், எலுமிச்சை, மேலே ஒயின். தாய்ப்பால் கொடுப்பவள் என்பதால் எனக்குப் பன்னீர் சோடா, அதே உயரக் கோப்பையில். குழந்தை எழுந்தாள், மாலினியின் மடியில் உட்கார்ந்து சாண்ட்விச் ஓரத்தைச் சப்பினாள். ஒரு கோப்பைகூட உடையவில்லை.

"கேன்சல் மெசேஜ் வரும்னு லிஃப்ட்ல வரும்போதுகூடப் போனையே பாத்துட்டு வந்தேன்டி" என்றாள் மாலினி.

7 மணிக்குக் கிளம்பும்போது ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை பாக்கும் ஒரு முழம் பூவும் கொடுத்தேன். "ஒயினுக்குத் தாம்பூலமா!" என்று படியிறங்கும் வரை சிரித்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தேன். அடையாறில் அடித்த "சாரிடி" அப்படியே நின்றிருந்தது. அதை அழித்துவிட்டு எழுதினேன்: "அடுத்த மாசம் இதே சனிக்கிழமை, நாலு மணி. ஆறாவது கோப்பை இருக்கு, யாரையாவது கூட்டிட்டு வாங்க." இந்த முறை அனுப்பினேன்.