பன்றிக் கத்தியும் நிலோவின் முகமூடியும்

மோக்போக் சந்தையில் பசிலிசாவிடம் யாரும் பேரம் பேசியதில்லை. கறியைத் தராசில் வைப்பாள், விலையைச் சொல்வாள், கத்தியைக் கட்டையில் ஓங்கிக் குத்தி நிறுத்துவாள். கத்தி ஆடி அடங்குவதற்குள் காசு வந்துவிடும். அவள் கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது, மீன்காரி கொரிங்கின் கடை. அவளுடைய பன்றி ரத்தமும் என்னுடைய மீன் தண்ணீரும் ஆயுள் முழுக்க ஒரே சாக்கடையில்தான் ஓடின. அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. போன மாதம் அவளைப் புதைத்ததிலிருந்து கண்டவர்களும் கதை கட்டுகிறார்கள். ஒருத்திக்கு அவள் புனிதை, இன்னொருத்திக்கு அவள் பேய். வாயை மூடிக்கொண்டு என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

எங்கள் தீவின் தெற்கே மாலிண்டிக் மலையடிவாரத்தில் பிறந்தவள். அப்பன் பன்றி அறுப்பவன், அவன் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற நாட்களில் இவள் அறுப்பாள். மற்றவர்கள் நாலு பேர் சேர்ந்து அமுக்குகிற பன்றியை இவள் ஒரு முழங்காலால் அமுக்கிக் கழுத்தில் ஒரே குத்தாகக் குத்துவாள். திருவிழா ஆட்டத்தில் இடுப்பைக் கிள்ளியவனின் விரலை அங்கேயே முறித்தவள். இவளுக்கு எவன் வாய்ப்பான் என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்தபோது, நிலோ வந்து வாய்த்தான். தென்னை ஈர்க்கு மாதிரி இருப்பான். சிரித்தால் விலா எலும்புகள் எல்லாம் சேர்ந்து சிரிக்கும்.

நிலோ முகமூடி செதுக்குகிறவன். புனித வாரத்தில் எங்கள் தீவின் ஆண்களில் பாதிப்பேர் நேர்த்திக்கடனுக்காக ரோமச் சிப்பாய் வேஷம் கட்டுவார்கள். மோரியோன் என்போம். திங்களன்று மாட்டிய முகமூடி ஞாயிறுவரை தெருவில் கழலாது, உள்ளே இருப்பது யார் என்று சொல்லவும் கூடாது. கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து செய்வது. மற்றவர்கள் தேங்காய் ஓடு கனத்துக்கு மெலிசாகச் செதுக்குவார்கள். நிலோ இரண்டு விரல் கனம் விடுவான், நெற்றியில் மூன்று விரல். அவன் முகமூடி போட்டவர்கள் ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார்கள். ஊரே அவனைத் திட்டியது.

"ஓட்டத்துல தடுக்கி விழுந்தா உடைய வேண்டியது மரமா, மண்டையாண்ணே? நீயே சொல்லு" என்று திட்ட வந்தவனிடமே கேட்பான்.

பசிலிசாவும் விடமாட்டாள். "மிச்ச மரத்தச் சீவிப் போட்டா எனக்கு அடுப்புக்காவது ஆகும். சோம்பேறி, சோம்பேறி! கை வலிக்குதுன்னு பாதியில எந்திரிச்சுடறது!" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அவன் சிரிப்பான். அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும், அதற்காகவே திட்டுவாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவனைக் கொன்றவன் மெலென்சியோ. கொப்பரை லாரி ஓட்டுகிறவன், எருமைக் கழுத்துக்காரன். அந்த வருஷம் அவன்தான் லொங்கினோ. ஏசுவின் விலாவில் ஈட்டி பாய்ச்சிய ஒற்றைக்கண் சிப்பாய் லொங்கினோ. ரத்தம் பட்டுக் கண் திறந்து, ஏசு உயிர்த்ததைக் கண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி ஓடுவான். மற்ற சிப்பாய்கள் துரத்துவார்கள். இரண்டு முறை தப்புவான். மூன்றாம் முறை பிடித்து மேடையில் மண்டியிட வைத்துத் தலையை வெட்டுவார்கள். மரவாள்தான். கழுத்தில் தொட்டதும் முகமூடியைக் கழற்றி வாள் நுனியில் தூக்கிக் காட்டினால் ஊர் ஆர்ப்பரிக்கும். ஒரு கண் மூடிய அந்த முகமூடியை மெலென்சியோவுக்குச் செய்துகொடுத்தவன் நிலோ.

ஈஸ்டர் மத்தியானம், சேவல் சண்டைக் களம், எல்லார் வயிற்றிலும் தென்னங்கள். மெலென்சியோ கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான், "நிலோ செஞ்சது முகமூடியா, நெல்லுக் குத்தற உரலா? பொண்டாட்டி உலக்கை, இவன் உரல். குடும்பமே நல்லா இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நிலோவும் சிரித்திருக்கலாம். அன்றைக்கு என்ன வந்ததோ, "உன் மண்டைக்குள்ள ஒண்ணுமில்ல, அதான் வெளியவாவது கனமா இருக்கட்டும்னு விட்டேன்" என்றான். மெலென்சியோ பிடித்துத் தள்ளினான். நிலோ அறைந்தான். அந்த ஈர்க்குச்சிக் கையின் அறை யாருக்கு வலிக்கும்? எல்லார் முன்னாலும் வாங்கியதுதான் வலித்தது. மெலென்சியோ இடுப்பு அரிவாளை உருவித் தோளில் ஒன்று போட்டான், திரும்பி ஓடியவனின் பிடரியில் இன்னொன்று. சேவல்கள் இன்னும் கொத்திக்கொண்டிருந்தன. பசிலிசா ஓடிவந்தபோது நிலோவின் தலை சாய்ந்து கிடந்த விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தினமும் கழுத்தறுக்கிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டையோடு பக்கத்தில் நின்றான் மகன் ருஃபோ.

மெலென்சியோ மணிலா சிறைக்குப் போனான். ருஃபோ வளர்ந்து மீசை வைத்தான். பிறகு ஒரு மாசி மாதம் மெலென்சியோ பாலானாகன் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினான். அவன் சொந்தக்காரர்கள் அவனுக்குப் புத்தோங் செய்தார்கள். ஊருக்கு வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் பூமுடி சூட்டி, பாடி ஆடிப் பூவும் சில்லறையும் இறைக்கிற எங்கள் தீவு வழக்கம். ஆளுநருக்குச் செய்வோம், ஆயருக்குச் செய்வோம். கொலைகாரனுக்கும் செய்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்! பசிலிசா அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னும் சத்தமாப் பாடுங்கடி! நிலோ குழிக்குள்ள கெடக்கான், அங்க வரைக்கும் கேக்க வேணாமா?"

பாட்டு நின்றது. பூமுடியோடு உட்கார்ந்திருந்த மெலென்சியோ தலையைத் தூக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ருஃபோ என் எதிரிலேயே அவளிடம் சொன்னான், "அம்மா, அவன் கதைய நான் முடிக்கறேன்."

விழுந்தது அறை. "உங்கப்பன் மண்ணுக்குள்ள, நீ கம்பிக்குள்ள, நான் யாருக்குடா சோறாக்கிப் போடுவேன்? அவன் மேல கத்தி வெக்கறதா இருந்தா அது என் கையாத்தான் இருக்கணும். உன் கை இதுல படக்கூடாது. கேட்டுக்கிட்டியா?"

அவன் கண் கட்டையில் குத்தி நின்ற கத்தியிலேயே இருந்தது. அந்தப் பார்வைக்குத்தான் அவள் பயந்தாள். அன்றிலிருந்து கத்திகளை இரவில் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள்.

தவக்காலத்தில் செய்தி வந்தது. மெலென்சியோ சிறையிலேயே நேர்ந்துகொண்டானாம். லொங்கினோவாக மறுபடி மண்டியிட வேண்டும் என்று பாதிரியாரின் காலில் விழுந்தானாம். அவரும் சரி என்றுவிட்டார். நான் போய்ச் சொன்னபோது பசிலிசா பன்றித் தலையைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"சாமி மன்னிச்சாரு, சாமியாரும் மன்னிச்சாரு, பூவ வெச்சு ஊரும் மன்னிச்சுடுச்சு. என்னய ஒருத்தன் கேட்டானா, கொரிங்?" என்றாள்.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் ருஃபோ மோரியோன் வேஷத்தில் வீட்டைவிட்டுப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் பசிலிசா என்னிடம் ஓடிவந்தாள். அவள் கையில் மகனின் மரவாள் இருந்தது.

"இத விட்டுட்டுப் போயிருக்கான். என் நீளக் கத்தியக் காணோம், கொரிங்."

தெருவில் எட்டிப் பார்த்தோம். நூற்றுக்கணக்கான மர முகங்கள், அதே தாடி, அதே முறைப்பு, அதே காகிதப்பூத் தொப்பி. கட்டைகளைத் தட்டிக்கொண்டு லொங்கினோவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தன.

"இதுல எதுடி ருஃபோ?" என்றேன்.

"எதுவா வேணா இருக்கட்டும். ஆட்டம் மேடையிலதான முடியும்? அங்க வந்துதான ஆகணும்?"

வீட்டில் விற்காமல் கிடந்த நிலோவின் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டாள். சிப்பாய் அங்கியைப் போட்டாள். கத்தி தீட்டும் இரும்புக் கம்பியை அங்கிக்குள் செருகினாள். "அம்மாடி, என்னா கனம்" என்று முகமூடிக்குள்ளிருந்து முனகியது கேட்டது. பெண்பிள்ளை மேடையேறக் கூடாது. அந்த உடம்பைப் பார்த்து யார் பெண்பிள்ளை என்று சொல்வார்கள்? நேராகப் போய்க் காவல் சிப்பாய்களோடு மேடையில் நின்றுகொண்டாள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்வரிசைக்குப் போனேன்.

வெயில் ஏறியபோது மெலென்சியோவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கை பின்னால் கட்டி இருந்தது. மண்டியிட்டான். அதே பழைய ஒற்றைக்கண் முகமூடி குனிந்தது. வெட்டுகிற சிப்பாய் மரவாளோடு முன்னே வந்தபோது, பின்னாலிருந்து இன்னொருவன் அவனைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். அவன் கையில் மின்னியது மரம் இல்லை. பிடியில் சிவப்பு ரப்பர் சுற்றிய கத்தி, தினமும் நான் பார்க்கிற கத்தி. கூட்டம் கைதட்டியது.

பசிலிசா இரண்டே எட்டில் அவனை அடைந்தாள். ஓங்கிய மணிக்கட்டில் இரும்புக் கம்பியை இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பச்சைத் தென்னமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருகிற சத்தம். ருஃபோ "அம்மா!" என்று அலறிக்கொண்டு விழுந்தான். இவள் தன் முகமூடியைக் கழற்றி எறிந்தாள். கத்தி அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள்.

"இங்க பாருடா. யாரு வந்திருக்கேன்னு பாரு."

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது, "தெரியுது பசிலிசா. போடு."

இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள். நெற்றியில் விழுந்தது. முகமூடி மேலிருந்து மூக்குவரை பிளந்தது. மூடிய கண்ணுக்குள்ளிருந்து ரத்தம் வழிந்தது. கூட்டம் மாதாகோவில் மணியே கேட்காத அளவுக்கு ஆர்ப்பரித்தது. சாயத்தண்ணீர் என்று நினைத்துவிட்டது, முட்டாள் கூட்டம்! கத்தி மரத்தில் சிக்கிக்கொண்டது. அவள் மெலென்சியோவின் தோளில் காலை வைத்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அதற்குள் சிப்பாய்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

முகமூடியை எடுத்தபோது மெலென்சியோவின் நெற்றியில் புருவம்வரை தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. எலும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். போலீஸ்காரன் வந்து கேட்டபோது, "ஆட்டத்துல கை தவறிடுச்சு. இதுல போலீஸுக்கு என்ன வேலை?" என்று மெலென்சியோவே சொல்லிவிட்டான். வழக்கு இல்லை.

ருஃபோவின் கை கோணலாகத்தான் கூடியது. இடது கையால் படகு ஓட்டக் கற்றுக்கொண்டான், இடது கையால் பிள்ளையைத் தூக்கினான். ரொம்ப காலம் அவளோடு பேசவில்லை. பிள்ளை பிறந்த பிறகு பேசினான். பிளந்த முகமூடியை மெலென்சியோ ஒருநாள் அவள் கடைக் கட்டையில் வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்று மட்டும் சொல்லிப் போனான். அவள் அதைக் கடை உத்தரத்தில் ஆணியடித்து மாட்டினாள். ஊர் அவளைப் புனிதை ஆக்கியது அப்போதுதான். மகனைத் தடுத்தாள், பகைவனைப் பயமுறுத்தியதோடு விட்டாள், கை அளவு தெரிந்தவள் என்றது. பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

படுக்கையில் விழுந்த கடைசி வாரம், மீன் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது கேட்டுவிட்டேன். "அளவு பாத்துத்தான போட்ட? கொல்லணும்னு இல்லியே?"

"அளவா? என்னடி அளவு? பன்னி மண்டைய ஒரே வெட்டுல பொளக்கறவ நான். முழு பலத்தோடத்தான் போட்டேன். சிக்கிக்கிச்சு. உருவி இன்னொண்ணு போடத்தான் கால வெச்சு இழுத்தேன், நீ பாக்கல?"

பார்த்திருந்தேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"மத்தவன் செஞ்ச முகமூடியா இருந்தா அன்னிக்கே மூள வெளிய வந்திருக்கும். நானும் ஜெயில்லயே செத்திருப்பேன், ருஃபோ பிள்ளையப் பாத்திருக்க மாட்டேன்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நெத்தியில மூணு வெரல் விட்டிருந்தான், பாவி மனுஷன். சோம்பேறி, சோம்பேறின்னு ஊரே திட்டிச்சு. நானும்தான் திட்டினேன், கொரிங்."