ஒரு நாளைக்கு இரவல் கொடுத்த பெயர்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவரை எல்லோரும் சர்வர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஏசி முணுமுணுக்கும் சின்ன அறை. அதில் மொத்த அலுவலகத்தின் கோப்புகளும் இருக்கும் சர்வர். அதற்குக் காவலாக இருபது வருஷமாக இவர். யார் எந்தப் பெயரில் கணினிக்குள் நுழைகிறார், அவரைச் சர்வர் யாரென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரிவரியாக எழுதிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் கைவைக்கும் உரிமை இவருக்கு மட்டும்தான். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்கு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை, புதிதாக வேலைக்கு வந்தவன் வரைபடங்களைத் திறக்க முடியாமல் தவித்தான். மேனேஜர் கதவருகே நின்று தையத்தக்கா என்று குதித்தார். முறையாக அனுமதி கொடுக்க அரைமணி நேரமாவது பிடிக்கும். இவர் பட்டியலில் புதியவன் பெயருக்கு நேரே அலுவலகத்தின் மூத்த வரைபடக்கார அக்காவின் பெயரைப் போட்டுவிட்டார். இனி அவன் எதைத் தொட்டாலும், சர்வரைப் பொறுத்தவரை தொட்டது அக்கா. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளை வந்தது, போனது. சுத்தமாக மறந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, பழைய குப்பை என்று எண்ணிப் புதியவன் ஒரு ஃபோல்டரைத் துடைத்துப் போட்டான். நாற்பது வரைபடங்கள் போயின. சர்வர் பதிவில் அழித்தவர் என்று இருந்ததோ அக்காவின் பெயர். இவர் பட்டியலைத் திறந்தார், புதியவன் பெயருக்கு நேரே இன்னமும் அக்காவின் பெயர். முந்தைய நாள் பிரதியிலிருந்து கோப்புகளை மீட்டார், அந்த வரியைச் சத்தமில்லாமல் சரிசெய்தார், வாயை மூடிக்கொண்டார். அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விவகாரம் முடிந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார், பெரிய மனிதர்!

அதன்பின் அக்காவின் மேஜையில் ஒரு குட்டி நோட்டு வந்தது. ‘வீட்டைப் பூட்டினேன், 8.10.’ ‘மாத்திரை போட்டேன், 9.00.’ ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் இவர் கண் அதில் விழும். சோறு இறங்கவில்லை. ஆனாலும் பார்க்காதது போல நடையை எட்டிப் போடுவார்.

நேற்றுக் காலை அக்காவே படியிறங்கி வந்தார், கையில் நோட்டோடு.

“தம்பி, பட்டியல்லேருந்து என் பேரை எடுத்துடு. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்.”

“என்னக்கா, திடீர்னு?”

“நாப்பது படத்தை அழிச்சிருக்கேன், அழிச்ச ஞாபகமே இல்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க.”

“நீங்க அழிக்கலக்கா.” குரல் இவருக்கே கேட்கவில்லை. “நான்தான் உங்க பேரை அந்தப் புதுப் பையனுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாளைக்குன்னு. எடுக்க மறந்துட்டேன்.”



“எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

“அன்னிக்கே.”

“ரெண்டு மாசம்,” என்றார் அக்கா. “தூக்கத்துல எழுந்து எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கேன்டா.”

இவர் தலையைத் தொங்கப் போட்டார். காலில் விழலாமா என்று தோன்றியது. அதற்குக்கூட அருகதை இல்லை என்றும் தோன்றியது.

அக்கா நோட்டில் ஏதோ எழுதி இவர் பக்கம் திருப்பினார். ‘அழித்தது நான் இல்லை. தம்பிக்கு அன்றே தெரியும். 11.40.’

“கையெழுத்துப் போடு. மேனேஜர்கிட்ட போகலாம்.”

“நானே சொல்லிடறேன்க்கா. நோட்டு எதுக்கு?”

“எனக்கு ஞாபகம் இருக்கும்,” என்றார் அக்கா. “நீதான் மறந்துடற ஆளு.”

இவர் பேனாவை வாங்கினார்.