கொடுத்த மருந்து எங்கே போச்சு?

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு ‘பிரேக் மேடம்’ என்று பெயர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அவள் அதை மிதிக்கும் மிதியில் உயிர் வாயிலே வந்து திரும்பாத மாணவர் யாரும் கிடையாது. ஆனாலும் அவளிடம்தான் கற்க வேண்டும் என்று காத்திருந்து சேர்ந்தார்கள். பயந்தவர்களை அவள் திட்டியதில்லை. “பயம் தப்பில்ல, கண்ண மூடறதுதான் தப்பு” என்பாள்.

கணவன் அச்சகத்தில் வேலை பார்த்தான். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதன். எங்காவது வாக்குவாதம் என்றால் நைசாக நழுவிவிடுவான். அவள் நின்று முடித்துவிட்டுத்தான் வருவாள். ஒரே மகள், வீட்டில் ‘சிட்டு’. பள்ளியில் சேர்ந்த புதிதில் அந்தக் குழந்தையின் முகம் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று குழந்தைகள் மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கழிந்தது.

சிறுநீரகம் மாற்றினால்தான் வழி. தாயின் இரத்த வகை பொருந்தவில்லை. தந்தைக்கு இரத்த அழுத்தம். யாரைக் கேட்பது என்று இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, கணவனின் அக்கா தானாகவே வந்து நின்றாள். பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தவள். நாக்கில் சுள்ளென்று ஏதாவது வைத்துக்கொண்டே இருப்பாள். தம்பி மனைவிக்கும் அவளுக்கும் கல்யாணத்தன்றே ஒத்துப்போகவில்லை.

“என்னோடத எடுத்துக்கச் சொல்லு. ரெண்டு இருக்கில்ல, ஒண்ணு சும்மாதானே கிடக்கு” என்றாள்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. புதுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய அன்று, குழாய் வழியே சிறுநீர் வந்து சேர்ந்த பையைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத ஒரே குடும்பம் இவர்களாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிறுநீரக மருத்துவர் ஒரு மாத்திரையைக் காட்டி விளக்கினார். உடம்பு புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று நினைத்துத் தாக்க வரும். இந்த மருந்து அதை அடக்கி வைக்கும். இரத்தத்தில் அளவு குறைந்தால் உடம்பு தாக்கும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் காலையும் மாலையும் தவறவே கூடாது. அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்ப்போம் என்றார்.

முதல் பரிசோதனையில் அளவு குறைவு. சற்றுக் கூட்டினார்கள். அடுத்ததிலும் குறைவு. இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்கடுத்ததும் குறைவாக இருந்தபோது மருத்துவமனையின் பேச்சு மாறியது.

“நடுவுல ஏதாவது வேளை விட்டுப்போச்சாம்மா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“இல்லையே.”

“வாந்தி எடுத்தாளா? துப்பிட்டாளா?”

“இல்லைங்க. என் கண்ணு முன்னாடிதான் முழுங்கறா. வாயத் திறந்து காட்டச் சொல்றேன்.”

அளவு குறைந்தால் வழக்கமாக என்ன காரணமோ அதைத்தான் அவர்கள் கேட்டார்கள். மருந்து விட்டுப்போகிறது என்றால் அளவை மேலும் கூட்டவும் முடியாது. தாய் திடீரென்று ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தால் எகிறிவிடும். அப்படி எல்லோரும் தயங்கி நின்ற இடைவெளியில் சிட்டுவின் உடம்பு தன் வேலையைக் காட்டியது. சிறுநீரகத்தில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தாக்குதல் தொடங்கியிருந்தது. மருந்து ஏற்றி அடக்கினார்கள். பெரிய ஆபத்தில்லை, ஆனால் கொஞ்சம் சேதம் ஆகிவிட்டது என்றார்கள்.

விஷயம் நாத்தனார் காதுக்கு எட்டியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள்.

“உடம்பக் கிழிச்சுக் குடுத்தேன். ஒரு மாத்திரைய நேரத்துக்குக் குடுக்க உனக்கு வலிக்குதா? ஊரெல்லாம் கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போறியே, அதுல எங்க ஞாபகம் இருக்கும்!”

தம்பி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். சிறுநீரகம் கொடுத்தவளிடம் பிரேக் மேடம் அன்று வாக்குவாதத்துக்கு நிற்கவில்லை. “நான் குடுத்தேன் அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மருத்துவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உண்மையச் சொன்னா நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்மா. தவறிப்போறது சகஜம்தான்.”

நாத்தனார் கத்தியதைவிட இந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டாக்டர், அவள இங்கயே சேர்த்துக்குங்க. மாத்திரைப் பக்கம் நான் கையே வைக்க மாட்டேன். நர்ஸே குடுக்கட்டும், நர்ஸே பாக்கட்டும். அப்புறம் ரத்தம் எடுங்க. அளவு ஏறிச்சுன்னா தப்பு என்னோடது, நானே ஒத்துக்கறேன்.”

அவர் யோசித்தார். சேர்த்துக்கொண்டார். வார்டில் நர்ஸ் தன் கையால் மாத்திரை கொடுத்தாள். சிட்டு விழுங்கிவிட்டு, கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினாள். தாய் வேண்டுமென்றே கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். சில நாள் கழித்து இரத்தம் எடுத்தார்கள். அளவு அப்படியே கீழே கிடந்தது.

மருத்துவர் பரிசோதனைத் தாளைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். “உங்களச் சந்தேகப்பட்டது என் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

“மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர். கொடுத்த மருந்து எங்க போச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க.”

வார்டு மருந்தாளர் ஒரு பெண்மணி. மருத்துவர்களுடன் சுற்றிவந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்தளவைச் சரிபார்ப்பவர். அவர்தான் மரபணு சோதனை செய்து பார்க்கலாம் என்றார். குடலிலும் ஈரலிலும் இந்த மருந்தைச் சிதைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது சுறுசுறுப்பாக இருக்கும், பலருக்கு இருப்பதே தெரியாது. எது என்று மரபணுவில் எழுதியிருக்கும். மருத்துவரும் தலையாட்டினார். அந்த மருத்துவமனையில் வசதி இல்லாததால் மாதிரியை வேறு ஊர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

காத்திருந்த நாட்களில் நாத்தனார் ஒருமுறை வார்டுக்கு வந்தாள். நர்ஸ் கொடுத்தும் அளவு ஏறவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கத்தவில்லை. தாழ்வாரத்தில் பிரேக் மேடம் உட்கார்ந்திருந்த பெஞ்சருகே நின்று, வெகுநேரம் கைப்பையைத் திறந்து திறந்து மூடினாள்.

“ஒண்ணு கேக்கறேன். என் கிட்னிதான் சொத்தையா? என்னாலதான் இப்படி ஆவுதா?”

பிரேக் மேடம் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் இந்தப் பயத்தைத்தான் சுமந்துகொண்டு தன்மேல் பாய்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. கோபம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

“தெரியல அண்ணி. வாங்க, டாக்டர் கிட்டயே கேக்கலாம்.”

முடிவு வந்த அன்று இருவரும் சேர்ந்துதான் அந்த அறைக்குள் போனார்கள். சிட்டு அந்தச் சுறுசுறுப்பு வகை. மற்றக் குழந்தைகளுக்குப் போதுமான அளவு இவள் ஈரலுக்கு, யானைப் பசிக்குச் சோளப்பொரி. கொடுத்த சிறுநீரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பெற்றவர்கள் வழியாக வந்தது.

“எந்தப் பக்கத்துலேர்ந்து டாக்டர்?” என்றாள் நாத்தனார்.

“அதச் சோதிச்சாத்தான் தெரியும். தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல.”

“எங்க பக்கமா இருக்காது. என் தம்பி எதுலயும் சுறுசுறுப்பே கிடையாது.”

மருத்துவரே சிரித்துவிட்டார்.

படிப்படியாக, இரத்தம் பார்த்துப் பார்த்து, ஏறக்குறைய இருமடங்குக்குக் கூட்டினார்கள். அளவு மேலே வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

பிரேக் மேடம் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, பக்கத்து அறையில் வேறொரு குழந்தையின் தந்தையிடம் யாரோ அதே கனிவான குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: “ஏதாவது வேளை விட்டுப்போச்சா சார்?” அந்த மனிதன் “இல்லைங்க, இல்லைங்க” என்று தடுமாறியது அவளுக்குக் கேட்டது. நேராக மருத்துவரிடம் போனாள்.

“ஆபரேஷனுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட்ட எடுத்திருந்தா என் பொண்ணுக்கு இந்தச் சேதம் ஆகியிருக்குமா?”

அவர் மழுப்பவில்லை. “ஆகாமலே போயிருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா சரியான அளவுலேர்ந்து ஆரம்பிச்சிருப்போம்.”

“அப்ப எல்லாக் குழந்தைக்கும் எடுங்க.”

மருத்துவரும் மருந்தாளரும் நிர்வாகத்துக்கு எழுதினார்கள். நிர்வாகம் யோசிப்பதாகச் சொன்னது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிரேக் மேடம் பயிற்சிக் காரை வெளியே நிறுத்திவிட்டு, வாரம் தவறாமல் இயக்குநர் அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை உதவியாளர் காபி கொடுத்தார். பிறகு ஒருநாள் இயக்குநரே உள்ளே கூப்பிட்டார்.

“சோதனை முடிவு வரவே நாளாகுதேம்மா. ஆபரேஷன தள்ளிப்போட முடியுமா?”

“அத மருந்தாளரம்மா யோசிச்சிட்டாங்க சார். சிறுநீரகம் கிடைக்க எப்படியும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க? அப்பவே எடுத்து வச்சுடலாம்.”

சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் முதலில் செய்து பார்ப்போம் என்று ஒப்புதல் வந்தது. இதே மருந்து சாப்பிடும் மற்ற நோயாளிக் குழந்தைகளுக்கு இன்னும் வரவில்லை. அதற்கும் அவள் போய் உட்கார்கிறாள்.

ஆனால் யாரும் எதிர்பாராத முட்டுக்கட்டை பெற்றோரிடமிருந்து வந்தது. “மரபணு சோதனையா? எங்க வம்சத்துல குறைன்னு சொல்லப் போறீங்களா?” என்று ஒரு தாய் மகனை இழுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டாள். மருந்தாளர் அவளைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, பிரேக் மேடத்துக்கு போன் போட்டார். அவள் வந்து அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னை என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“குறையெல்லாம் இல்லம்மா. உங்க பையனுக்கு எவ்வளவு போதும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கறோம், அவ்வளவுதான். நாளைக்கு உங்களப் பாத்து யாரும் ‘மறந்துட்டியா’ன்னு கேக்க வேண்டாம்.”

அந்தத் தாய் கையெழுத்துப் போட்டாள். மாதங்கள் கழித்து அவள் மகனுக்குச் சிறுநீரகம் கிடைத்தது. அவன் மறுவகை, மருந்து மெதுவாகத்தான் சிதையும்; அதனால் குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் இரத்தப் பரிசோதனை அப்படியே கச்சிதமாக வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சற்றுக் கூட இருந்தது, இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். சேதம் இல்லாமல் வீட்டுக்குப் போனான்.

சிட்டு இப்போது பள்ளிக்குப் போகிறாள். பட்ட சேதம் பட்டதுதான்; அத்தை கொடுத்த சிறுநீரகம் மீதி பலத்தோடு ஓடுகிறது. பரிசோதனை நாட்களில் அத்தைதான் கூட்டிப்போகிறாள். அவள் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பி மனைவியும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். பரிசோதனை நடக்கும் அந்த நேரத்தில் பிரேக் மேடத்துக்கு இயக்குநர் அறை வாசலில் வேலை இருக்கிறது.