காட்டுக் காற்றும் ரம்பக்காரரின் பிரஷரும்

ரம்பக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அவர் கையில் இருந்தது. மரம் அறுக்கும் மில்லில் வேலை. வீட்டில் உப்பு தூக்கலாக இருந்தால் தட்டு பறக்கும், கதவைச் சத்தமாகச் சாத்தினால் நாற்காலி பறக்கும். வண்டி நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரனை அவன் வண்டிக் கதவிலேயே வைத்து நசுக்கியவர். எதுவும் பறக்காத நாளில் அவர் பெண்டாட்டி கன்னம் வீங்கி நிற்பாள்.

அவள் தையல்காரி. கழுத்துக் காயம் தெரியாமலிருக்க உயரமாகக் காலர் வைத்துத் தனக்குத் தானே சட்டை தைத்துக்கொள்வாள். மாடல் நன்றாயிருக்கிறது, எனக்கும் அப்படியே தை என்று கேட்டு வந்தார்கள் சிலர். என்னத்தைச் சொல்ல! யார் விசாரித்தாலும் அவளிடம் ஒரே பதில்தான். "அது அவர் இல்லீங்க, பிரஷர். தலைக்கேறிட்டா அவருக்குக் கண்ணு தெரியாது."

அவள் தம்பிக்கும் அதே மில்தான். மரத்தை ரம்பத்துக்குள் தள்ளுவது இவர், அந்தப் பக்கம் நின்று இழுப்பது அவன். அங்கே இருக்கும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் தள்ளுகிறவர் மரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அதிர்வு தெரிந்ததும் இழுக்கிறவன் கையை எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் தள்ளுவது. ஒருநாள் காலையில் இருவருக்கும் ஏதோ வாய்த்தகராறு. இவர் தட்டாமலே தள்ளினார். தம்பியின் இரண்டு விரல்கள் மரத்தூளில் போய் விழுந்தன.

"தட்ட மறந்துட்டேன்டி, பிரஷர்ல தலை சுத்திடுச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார் மனுஷன். தம்பி அப்படியே நம்பினான், அவ்வளவு அப்பாவி. அவளும் நம்பினாள். ஆனால் ஒன்று சொன்னாள். "இனிமே யார் மேலயாவது உங்க கை பட்டுச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். முதல்ல அந்தப் பிரஷரை இறக்குங்க."

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, "வாரம் ஒருநாள் காட்டுக்குள்ள போய் சும்மா நடங்க. அந்தக் காத்தும் அமைதியும் பிரஷரைக் குறைக்கும், தூக்கம் வரும்" என்றார்.

"மரத்து வாசனையிலதானே சார் நாள் பூரா குளிக்கிறேன்!"

"அது செத்த மரம். உயிரோட இருக்கிறதைப் போய்ப் பாருங்க."

புருஷனும் பெண்டாட்டியும் லீவு நாளில் கிளம்பிப் போனார்கள். முதலில் எந்த மரத்தைப் பார்த்தாலும் இதில் எத்தனை பலகை தேறும் என்றே அவர் கண் அளந்தது. பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். "எதுக்குத் தட்டறீங்க? அது ஒண்ணும் கையை எடுக்காது" என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரித்தார். சிரித்தாரய்யா, நிஜமாகவே! போகப் போக ஓடையோரம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். வீட்டிலிருந்த பிரஷர் மிஷினில் எண் இறங்க இறங்க அவளுக்கு உயிர் வந்தது. காலர் இல்லாமல் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

காடு ஏமாற்றவில்லை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஒரு லீவு நாளில் காட்டிலிருந்து திரும்பிய சாயங்காலம், தம்பி சாப்பிட வந்திருந்தான். "மாமா, வாரம் பூரா மரத்தை அறுத்துட்டு, லீவு நாள்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றீங்களா?" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். வாட்சைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்தார். திரும்பி வந்து தம்பிக்கு எதிரே நின்று, மேஜையில் இரண்டு தட்டு தட்டினார்.

மில் பழக்கம் யாரை விட்டது! தம்பி சட்டென்று இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முகத்தை மறைக்கக் கை இல்லை. முதல் குத்தில் மூக்கு உடைந்தது. தலைமுடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினார், பல் தெறித்துத் தட்டில் விழுந்தது. குறுக்கே பாய்ந்தவளின் விலாவில் முழங்கை இறங்கியது. போதும் என்று தோன்றியதும் அவராகவே நிறுத்தினார். மறுபடி கை கழுவினார். வாட்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவள் தம்பியின் வாயில் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பிரஷர் ஏறிடுச்சு போல. மிஷினை எடு" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீட்டினார்.

பாவி மகள், எடுத்து வந்து சுற்றினாள். மிஷின் உறுமி ஓய்ந்தது. ஓடையோரம் உட்கார்ந்திருந்தவருக்கு இருக்கவேண்டிய எண்தான் அதில் இருந்தது.

"இறங்கித்தான் இருக்கு" என்றாள்.

"அப்போ மிஷின் கோளாறு."

அதைக் கழற்றித் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். எண் எங்கேயோ போய் நின்றது. "எனக்கு ஏறிக்கிடக்கு. மிஷின் நல்லாத்தான் வேலை செய்யுது." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு மில்லுல நீ தட்ட மறக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. தம்பியைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவில்லை.

லீவு நாளில் இப்போது அவள் காட்டுக்குப் போகிறாள். பிரஷர் அவளுக்குத்தானே.