பானை மேல் உட்கார்ந்தவள்

பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்த நாள். என் மூத்த மகள் சாத்தாங்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துக் குடிதண்ணீர் வாளியோடு பின்னால் போன நர்ஸ் சிகா ஜூஃப் கால் தடுக்கி, வாளித் தண்ணீர் முழுவதையும் அந்தப் பெஞ்சின் மேல் கொட்டிவிட்டாள். அதில் இருந்த ஏழு பெண்பிள்ளைகளும் தொப்பலாக நனைந்து அலறிக்கொண்டு எழுந்தார்கள். ஊரே அவளைத் திட்டியது. "செரேர்காரிக்குக் கண்ணு முழங்கால்லயா இருக்கு?" என்று தலைமையாசிரியரே கேட்டார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரோடும் சேர்ந்து நனைந்த சாத்தாங் போய்ப் பரிசை வாங்கி வந்தாள்.

சாயங்காலம் பாவாடையைத் துவைக்கும்போதுதான் கறையைப் பார்த்தேன். மாதவிலக்கு வந்து, எழுந்தால் தெரிந்துவிடும் என்று பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். கடைசிவரை சிகா அந்த வாளித் தண்ணீரைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அல்லாஹ் அவளுடைய மண்ணறையை விசாலமாக்கட்டும்.

சிகா கடற்கரைப் பக்கத்தவள். மாற்றலாகி எங்கள் ஃபோனி ஊர்க் கிளினிக்குக்கு வந்தாள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. நாங்கள் ஜோலா, அவள் செரேர். இரண்டு இனத்துக்கும் ஆதிகாலந்தொட்டுக் கேலி முறை. நீதான் என் அடிமை என்று அவள் சொல்லுவாள். நாங்கள் இல்லை, நீதான் என்போம். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. விசேஷ வீட்டில் கேலி முறைக்காரி எதையாவது பிடித்து வைத்துக்கொண்டால், கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். மறுத்தால் அந்த வருஷ நெல் பதராகிவிடும் என்பது எங்கள் பயம்.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வெட்டுச் சடங்கு நடக்கும். காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பெண்ணுறுப்பில் கத்தி வைப்பார்கள். எனக்கு நடந்தது, சாத்தாங்குக்கும் நடந்தது. சிகாவின் ஆட்களில் அந்த வழக்கம் கிடையாது. வெட்டாதவள் கையால் சமைத்ததைத் தின்னக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். அதை ஊரிலேயே உரக்கச் சொல்பவள் என் நாத்தனார் சார்ஜோ. அவள்தான் ஒரு பெயர் வைக்கும் விசேஷத்தில் மூன்று தட்டு மீன்சோறு தின்று, "இதை ஆக்கின கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்றவள். அந்தக் கை அடுப்படியிலிருந்து நீண்டு, "எங்க காப்பு?" என்றது. சிகாவின் கை. சார்ஜோ விழித்த விழியை நினைத்தால் இன்றும் தொழுகைக்கு நிற்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது.

வெட்டாதவள் தொழுகை மேலே ஏறாது என்றும் சொல்லுவார்கள். சிகா என் பக்கத்தில் நின்றுதான் தொழுவாள். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் நெடுநேரம் எழமாட்டாள். ஏறாமல் எங்கே நின்றது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்து முந்திரி மரத்தடியில் பெரிய பெண்பிள்ளைகளுக்கு அவள் வகுப்பு எடுப்பாள். என் வீட்டுக் கொல்லைவேலிக்கு அந்தப் பக்கம்தான் மரம். நான் இந்தப் பக்கம் நிலக்கடலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"சிகாக்கா, மாசாமாசம் அடிவயிறு பிச்சுக்கிட்டு வலிக்குதே, ஜின்னு வேலையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஜின்னுக்கு வேற போக்கிடமே இல்லையா? இவ்வளவு பெரிய காடு இருக்க, உன் அடிவயித்துலதான் வந்து குடியிருக்கணுமா?"

சிரித்து ஓய்ந்ததும் சிகா நிதானமாகச் சொன்னாள்: "வலிக்குப் பல காரணம் இருக்கும்டி. வெட்டின இடத்துல தழும்பு இறுகி, சிலருக்கு வழி சுருங்கிப்போகும். ரத்தம் லேசுல வராது, வலிக்கும். ஒண்ணுக்குப் போனா எரியும், புண்ணு வைக்கும். வெட்டுற அன்னைக்கே ரத்தம் நிக்காமப் போன பிள்ளைங்களும் உண்டு. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. மறைச்சு வைக்காம எங்கிட்ட வா. பார்க்கலாம், மருந்து இருக்கு."

இன்னொரு சனிக்கிழமை இரண்டு பழைய பந்தாட்டச் சட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒன்று நல்ல கழுத்து. இன்னொன்றின் கழுத்தைக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த நூலால் தைத்திருந்தாள். "இங்க யாருக்கு மண்டை பெருசு?" என்றாள். எல்லாரும் சாத்தாங்கைக் காட்டினார்கள். முதல் சட்டை சர்ரென்று இறங்கியது. இரண்டாவது மூக்கோடு நின்றுவிட்டது. அவள் கையை ஆட்டுகிறாள், குதிக்கிறாள், "அக்கா, மூச்சு முட்டுது!" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். பிள்ளைகள் மண்ணில் புரண்டு சிரித்தார்கள்.

"இப்ப இந்த மண்டையைப் பிறக்கப்போற பிள்ளையோட தலைன்னு வச்சுக்கோங்க" என்றாள் சிகா.

சிரிப்பு நின்றுபோயிற்று.

"துணி விரியும். தையல் விரியாது. ஒண்ணு சிக்கும், இல்லாட்டிக் கிழியும்."

என் கையிலிருந்த கடலை உடையாமல் அப்படியே இருந்தது. என் சின்ன மகள் தெனெங் பிறக்க மூன்று நாள் ஆயிற்று. என்னைக் கழுதை வண்டியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு முன்னால் ஓர் ஆண்பிள்ளை, சிக்கிக் கிடந்து, மூச்சே விடாமல் வந்தான். அல்லாஹ்வின் எழுத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எழுத்து அவனுடையதுதான். தையல் நம் கை போட்டது.

அந்த வருஷம் தெனெங்குக்கு ஆறு வயது. அறுவடை முடிந்து வரும் வியாழக்கிழமை அவளையும் வேறு மூன்று பிள்ளைகளையும் காட்டுக்குக் கூட்டிப்போவது என்று சார்ஜோ முடிவு செய்துவிட்டாள். எங்கள் வீடுகளில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். பாசிமணி வாங்கியாயிற்று, தலைத்துணி வாங்கியாயிற்று.

"அம்மா, வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லு" என்றாள் சாத்தாங்.

"எனக்கு வாய் வராதுடி."

"எங்கிட்ட மட்டும் எப்படி வருது, காலையிலேருந்து ராத்திரிவரைக்கும்?"

முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை சார்ஜோவின் முற்றத்தில் மேளம் தொடங்கிவிட்டது. விருந்துக்கு அரிசி வேகவைக்கப் பெரிய இரும்புப் பானையைக் கழுவி அடுப்பருகில் வைத்திருந்தார்கள். புதுத் துணியில் தெனெங் பொம்மைபோல் நின்றாள். சாத்தாங்கைக் காணவில்லை.

அப்போது வெள்ளைச் சீருடையோடு சிகா வந்தாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு சாத்தாங். சிகா யாருக்கும் சலாம் சொல்லக்கூட நிற்கவில்லை. நேரே போனாள், பானையைக் கவிழ்த்தாள், அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பெண்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். மேளக்காரனும் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"எந்திரிடி என் அடிமை, அரிசி வேகணும்" என்றாள் சார்ஜோ.

"வேகாது. சோத்துப் பானையைப் பறிகொடுத்த ஜோலா எப்படி முழிப்பான்னு பார்க்கத்தான் வந்தேன்."

"பத்து கோலாக்கொட்டை தரேன்."

"அதைத் தின்னுதான் உன் பல்லு இந்த லட்சணத்துல இருக்கு. எனக்கு வேணாம்."

"சேவல் தரேன்."

"உன் சேவல் உன்னைவிடக் கிழடு."

"ஆடு தரேன்டி, விடு!"

"ஆடு வேணாம்." சிகா தெனெங்கைக் காட்டினாள். "அந்தக் குட்டி வேணும். அது மேல கத்தி படக் கூடாது. இன்னைக்கும் கூடாது, என்னைக்கும் கூடாது. குடு, எந்திரிச்சுடறேன்."

கைதட்டல் அடங்கியது. சார்ஜோவின் முகம் மாறியது. "சிகா, இது விளையாட்டு இல்ல."

"விளையாட்டுக்குன்னு வந்திருந்தா ஆட்டோட போயிருப்பேன்."

சார்ஜோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஜெய்னாபா, உன் பிள்ளைதானே. நீ என்ன சொல்ற?"

பிஸ்மில்லா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "கேலி முறைக்காரி கேட்டதை மறுத்தா நெல்லு பதராயிடும்னு நீங்கதானே மதினி சொல்லுவீங்க. எனக்கும் குடுக்கத்தான் சம்மதம்" என்றேன். என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் கேட்டது.

சார்ஜோ என்னைப் பார்த்தாள், நெல் களஞ்சியத்தைப் பார்த்தாள், பானைமேல் இருப்பவளைப் பார்த்தாள். கோபப்படவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. கடைசியில் உதட்டோரம் லேசாகக் கோணியது.

"எடுத்துத் தொலை. மாப்பிள்ளை கிடைக்கலேன்னா உன் வாசல்லதான் கொண்டுவந்து தள்ளுவேன்."

"தள்ளு. எங்க பசங்க வரிசையில நிப்பாங்க. கூடவே அரிசி மூட்டையையும் தள்ளிடு."

தெனெங் என் மடியில் வந்து விழுந்தாள். அவளுக்கு விருந்து தாமதமானதுதான் பெரிய துக்கம்.

மற்ற மூன்று பிள்ளைகளும் அன்று காட்டுக்குப் போனார்கள். ஒரு விசேஷத்தில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்பது முறை. சிகா அந்த மூன்று வீட்டுக்கும் இரண்டு வாரம் மருந்துப் பையோடு நடந்தாள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அவள் யாரையும் கேலி பேசவில்லை.

மறுவருஷம் அறுவடைக்கு முன்பே இரண்டு தாய்மார் கிளினிக்கின் பின்வாசலில் போய் நின்றார்கள். "எங்க வீட்டுப் பானையிலயும் வந்து உட்காரு சிகா" என்றார்கள். சனிக்கிழமைப் பிள்ளைகள்தான் அனுப்பியிருந்தார்கள். "இத்தனை பானைக்கு என் இடுப்பு தாங்காதுடி" என்று புலம்பிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து அவளை ஆற்றின் மேல்பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். வேன் புறப்படும் நேரத்துக்குச் சார்ஜோ ஒரு மூட்டை அரிசியைத் தலையில் சுமந்து வந்தாள். "போற வழியில தின்னுத் தொலை" என்று அவள் மடியில் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு நாங்கள் சிகாவைப் பார்க்கவில்லை, அவள் மவுத்தான சேதிதான் வந்தது.

வேன் நகரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தெனெங்கைக் காட்டிக் கத்தினாள்:

"சார்ஜோ, அவ என் சொத்து, மறந்துடாத! நாளைக்கு அவளுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்தா அதுவும் என்னோடதுதான். பானையைக் கழுவியே வை, நான் வந்து உட்காருவேன்!"